புவிவெப்ப மின்சாரம்: சூடு மட்டும் போதாது

பூமிக்குள் சூடு இருக்கிறது, ஆழமாகத் துளை போட்டால் எங்கும் மின்சாரம் எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தவறே இதுதான். பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும், உண்மைதான். ஆனால் சூடான பாறை, மின்சாரம் தரும் டர்பைன் சக்கரத்தைத் தானாகச் சுழற்றாது. சூட்டை மேலே சுமந்துவர நீர் வேண்டும், அந்த நீர் ஓடப் பாறையில் விரிசல்கள் வேண்டும்.

சரி, விரிசல் இல்லாவிட்டால் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி உண்டாக்கலாமே? செய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது அருகில் இருக்கும் நிலப்பிளவுகளை மறந்துவிடக் கூடாது. 2006இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இந்த முயற்சி 3.4 அளவு நிலநடுக்கத்தில் முடிந்து, திட்டமே கைவிடப்பட்டது.

அடுத்து, கொதிக்கும் நீராவி இருந்தால்தான் முடியும் என்ற எண்ணம். அலாஸ்காவின் சேனாவில் 74 டிகிரி நீரிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள். அதைவிடக் குறைந்த சூட்டில் ஆவியாகும் வேறொரு திரவத்தை அந்த நீரால் சூடாக்கி, அந்த ஆவியால் டர்பைனை ஓட்டுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புதுப்பிக்கத்தக்கது என்றாலே எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நம்புவது. கலிஃபோர்னியாவின் 'த கைசர்ஸ்' உலகிலேயே மிகப்பெரிய புவிவெப்ப மின்களம். 1960இல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. கிணறுகள் பெருகப் பெருக, 1980களின் பிற்பகுதியில் நீராவியின் அழுத்தம் சரியத் தொடங்கியது. பாறையில் சூடு அப்படியேதான் இருந்தது, வற்றியது நீர். எடுத்த அளவுக்குத் திரும்ப ஊற்றவில்லை. அப்புறம்தான் சுற்றுவட்டார ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் விட்டார்கள். 1997இல் ஒரு குழாய், 2003இல் சாண்டா ரோசா நகரிலிருந்து இன்னொன்று. சரிவு மட்டுப்பட்டது. வீணாகப் போகவேண்டிய நீர் ஒரு மின்களத்தைக் காப்பாற்றியது, எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மேலே வருவது வெறும் வெந்நீர் என்று அலட்சியமாக இருப்பதும் ஆபத்து. ஆழத்தில் கரைந்த சிலிக்கா (மணலில் இருக்கும் அதே தாது), நீர் ஆறியதும் குழாயின் உட்சுவரில் வெள்ளை ஓடாகப் படியும். பார்க்காமல் விட்டால் துவாரம் குறுகிக்கொண்டே போகும். ஐஸ்லாந்தின் 'ப்ளூ லகூன்' பால்போன்ற நீலமாகத் தெரிவதும், அதன் அடியில் வெண்சேறு தங்குவதும் இதே சிலிக்காவால்தான். அங்கே குளிப்பவர்களைச் சுற்றியிருப்பது பக்கத்து மின்நிலையத்திலிருந்து வெளியேறும் நீர்.

வீட்டருகே மண்ணுக்குள் குழாய் பதித்து அறையைச் சூடாக்கும் ஹீட் பம்பையும் இதோடு குழப்ப வேண்டாம். அது மின்சாரம் தயாரிப்பதில்லை, மின்சாரத்தில் ஓடுவது.

கடைசியாக ஒன்று. விறகோ நிலக்கரியோ எரிப்பதில்லை என்பதால் வாயுவே வெளிவராது என்று சொல்லிவிடாதீர்கள். பல களங்களில் நீராவியோடு கரியமில வாயுவும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வருகின்றன. ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்தி நிலையத்தில் இவற்றைப் பிடித்து, நீரில் கரைத்து, மறுபடி எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். சோதனையாகச் செலுத்திய கரியமில வாயுவில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாக மாறிவிட்டது.