குட்டி யானைக்கு முதல்முறை நீங்களே இன்ஜின் ஆயில் மாற்றுவது எப்படி?

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ், தோஸ்து, பொலேரோ பிக்கப் மாதிரியான டீசல் சரக்கு வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுபவர்களுக்கான விளக்கம் இது. ஆயில் மாற்றப் பெரிய பட்டறையோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. முதல்முறை என்றால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அவசர லோடு இல்லாத நாளாகப் பாருங்கள். இந்த வேலையில் இன்ஜினுக்கு வரும் சேதம் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் வருகிறது: ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் மரை, ஃபில்டரின் ரப்பர் ரிங், ஊற்றும் அளவு. மற்ற வேலைகளை நிதானமாகச் செய்தால் போதும். இந்த மூன்றிலும் கவனம் இரட்டிப்பாக இருக்கட்டும்.

எந்த ஆயில், எவ்வளவு

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆயிலின் தடிமன் எண், ரகம், ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர். 2005-ல் வந்த இரண்டு சிலிண்டர் 702 சிசி ஏஸுக்கும், மூன்று சிலிண்டர் தோஸ்துக்கும், இரண்டரை லிட்டர் இன்ஜின் உள்ள பிக்கப்புக்கும் ஒரே அளவு பொருந்தாது. பக்கத்து வண்டிக்காரர் சொன்ன அளவை நம்பி ஊற்றாதீர்கள்.

நம் ஊர் சிறு டீசல் வண்டிகளில் அதிகம் புழங்குவது 15டபிள்யூ-40. முதல் எண், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது, சூடான இன்ஜினில் அதன் தடிமனைக் காட்டும். தடிமன் எண் ஒன்றாக இருந்தாலும் ரகம் மாறலாம். பிஎஸ்3, பிஎஸ்4 என்ற பழைய புகை விதிகளில் வந்த டீசல் வண்டி என்றால் டப்பாவில் சிஐ-4 அல்லது சிஐ-4 பிளஸ் போல, புத்தகம் சொன்ன ரகமோ அதற்கு மேலானதோ இருக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருந்தால், சாம்பல் குறைந்த ரகம்தான் ஊற்ற வேண்டும். டிபிஎஃப்பில் சேரும் கரியை வண்டி தானே எரித்துவிடும். ஆயிலில் இருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது உள்ளேயே தங்கி அடைத்துக்கொள்ளும். ஒரு டப்பா ஆயிலில் இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் டிபிஎஃப்புக்குப் பெரும் செலவு வைத்துக்கொள்வது இப்படித்தான். பெட்ரோல், சிஎன்ஜி மாடல்களுக்கு ஆயில் ரகம் வேறு, அதற்கும் புத்தகமே வழி.

லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். சீல் உடையாத டப்பாவை பெட்ரோல் பங்கிலோ, அங்கீகாரம் பெற்ற கடையிலோ வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி இருக்கும் வண்டி என்றால், வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டி நிற்குமா என்று முதலில் படித்துப் பாருங்கள்.

தேவையான பொருட்கள்

ஆயில், புது ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். ஃபில்டர் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த வருடம், எந்த பிஎஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், முடிந்தால் சேஸிஸ் நம்பரைக் கொடுங்கள். டீசல் ஃபில்டரும் ஆயில் ஃபில்டரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வாஷர் செம்பு அல்லது அலுமினியத்தில் இருக்கும், விலை மிகக் குறைவு. பழையதையே போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாகப் படியாது.

கருவிகளில் முக்கியமானது போல்ட் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர். திறந்த வாய் ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். அதோடு ஃபில்டர் கழற்றும் பெல்ட் அல்லது செயின் ஸ்பேனர், இன்ஜின் ஆயிலின் அளவைவிட இரண்டு லிட்டராவது கூடுதலாகப் பிடிக்கும் அகலமான பேசின், புனல், டார்ச், ரப்பர் கையுறை, கொஞ்சம் பனியன் வேஸ்ட், தரையில் விரிக்க அட்டை.

வண்டியை நிறுத்துவது

லோடை இறக்கிவிட்டு, சமதளமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் ஆயில் முழுசாக வடியாது, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பியும் தப்பான அளவைக் காட்டும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

இந்த வகை வண்டிகளில் பலவற்றை ஜாக்கி போடாமலே அட்டையில் படுத்து உள்ளே போய் வேலை செய்யலாம். இடம் போதவில்லை என்றால் தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டில் இறக்கி நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கி தாங்கும் வண்டிக்கு அடியில் தலையைக்கூட நீட்டாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் வைப்பதும் ஆபத்து. எடை ஏறினால் அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். இதைச் செய்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கழற்றும் முன் ஒரு பரிசோதனை

கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் சூடாக்குங்கள், பிறகு அணைத்து, மறுபடி கியரில் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அடியில் படிந்த கரியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். நீண்ட ஓட்டம் முடிந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும். பக்கத்தில் இருக்கும் சைலன்சர் குழாயும் சுடும்.

ஏஸிலும் தோஸ்திலும் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பிக்கப்பில் பானட்டைத் திறக்க வேண்டும். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது குறை இல்லை. புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், கரியைத் தன்னோடு ஏந்திக்கொள்வதுதான் அதன் வேலை. கவலைப்பட வேண்டியவை வேறு. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கோடு போட்ட அளவுக்கு மேல் தானாக ஏறி, டீசல் வாசனை அடித்தால் டீசல் இறங்குகிறது. இந்த இரண்டில் ஒன்றைக் கண்டாலும் ஆயில் மாற்றுவதால் பிரச்சினை தீராது, மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு போங்கள். அளவு குறைந்திருந்தால் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அடுத்த முறையும் அதே குறைவு இருந்தால் ஆயில் எங்கோ கசிகிறது அல்லது எரிகிறது என்று பொருள்.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போனால்தான் ஆயில் தடையின்றி இறங்கும்.

பழைய ஆயிலை வடிப்பது

சம்ப் என்பது இன்ஜினின் அடிப்பகுதித் தொட்டி. டிரெயின் போல்ட் அதன் அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, பின்னால் இருக்கும் கியர்பாக்ஸின் போல்ட்டைக் கழற்றுவது. அப்படிச் செய்துவிட்டு இன்ஜினில் புது ஆயிலை ஊற்றினால், இன்ஜினில் இரண்டு மடங்கு ஆயில், கியர்பாக்ஸில் ஒன்றுமே இல்லை. டிப் ஸ்டிக் குழாய் எந்தத் தொட்டியில் போய் இறங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அதுதான் சம்ப். வடியும் ஆயில் கெட்டியாக, கந்தக நெடியோடு வந்தால் அது கியர் ஆயில். உடனே போல்ட்டை மூடுங்கள்.

பேசினை வைத்துவிட்டு போல்ட்டை இடப்பக்கமாகத் திருப்புங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது எது இடம் எது வலம் என்று குழம்பும். போல்ட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்ப்பதாக நினைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். ஸ்பேனரால் தளர்த்திய பிறகு விரலால் சுழற்றுங்கள். சுழற்றும்போது போல்ட்டை உள்நோக்கி அழுத்தியபடியே இருங்கள். கடைசி மரை விட்டதும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் ஆயில் கையில் வழியாது. முதலில் ஆயில் தள்ளிப் பீச்சும், வேகம் குறையக் குறைய நேராகக் கீழே விழும். பேசினை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

இருபது நிமிடம் வடியட்டும். அதற்குள் போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் உரசும் அளவுக்குத் தகடு, துகள் இருந்தால் உள்ளே பேரிங் அல்லது வேறு பாகம் தேய்கிறது.

பிறகு புது வாஷரைப் போட்டு, போல்ட்டைக் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது, வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்பேனரால் பலம் கொடுத்து ஏற்றினால் சம்ப்பின் மரை போய்விடும். முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் புத்தகம் சொன்ன அளவில் முறுக்குங்கள். இல்லையென்றால் வாஷர் படிந்து இறுகத் தொடங்கிய இடத்திலிருந்து கால் சுற்று, ஒரு கை பலம், அவ்வளவுதான். ஸ்பேனரில் பைப் மாட்டி இழுப்பது, காலால் மிதிப்பது எல்லாம் கூடாது. போல்ட் இரும்பு. சம்ப் அலுமினியமாக இருந்தால் தோற்பது சம்ப்தான்.

ஃபில்டர்

பேசினை ஃபில்டருக்கு நேர் கீழே நகர்த்திவிட்டு, பெல்ட் ஸ்பேனரால் தளர்த்தி, மீதியைக் கையால் கழற்றுங்கள். அதிலும் கொஞ்சம் ஆயில் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தகடு கிழிந்துவிட்டால் பிடிக்க இடமே இருக்காது, ஆகவே வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கழற்றியதும் ஃபில்டரின் வாயைப் பாருங்கள். ரப்பர் ரிங் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு ரிங் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, பிரஷர் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். ஓடும் வண்டியில் இது நடந்தால் இன்ஜின் ஜாம் ஆகும். விரலால் சுற்றித் தடவி, ஃபில்டர் உட்காரும் இடம் வழவழப்பாக, சுத்தமாக இருப்பதை உறுதி செய்யுங்கள்.

புது ஃபில்டரின் ரிங்கில் புது ஆயிலைத் தடவுங்கள். காய்ந்த ரப்பர் முறுக்கும்போது சுருண்டு கிழியும். வாய் மேல்நோக்கி நிமிர்ந்து மாட்டும் ஃபில்டர் என்றால், ஓரத்தில் இருக்கும் சிறு துளைகள் வழியாகப் பாதி அளவு ஆயில் ஊற்றி வைப்பது நல்லது, ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் சீக்கிரம் ஏறும். நடுத்துளையில் ஊற்றக்கூடாது. அது வடிகட்டிய ஆயில் வெளியேறும் பக்கம், அதில் விழும் தூசி நேராக பேரிங்குக்குப் போகும். படுக்கைவாட்டில் மாட்டும் ஃபில்டரில் இந்த வேலையே வேண்டாம். ரிங் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும். இறுக்குவதற்கு ஸ்பேனர் தேவையில்லை.

புது ஆயில் ஊற்றுதல்

ஊற்றும் முன் டிரெயின் போல்ட் மாட்டியாகிவிட்டதா என்று இன்னொரு முறை குனிந்து பாருங்கள். புத்தகம் மூன்று லிட்டர் என்றால் முதலில் இரண்டரை லிட்டர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து, இருநூறு மில்லி வீதம் சேர்த்து, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் டீசல் இன்ஜினில் ஆபத்தானது. அளவு மிஞ்சினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரையாக்கும், நுரை சரியான பிரஷரைத் தராது. சீல்கள் கசியும். இன்ஜினின் உள் காற்றை வெளியே விடும் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் காற்றுப் பாதைக்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடலாம். கூடிவிட்டால் டிப் ஸ்டிக் குழாயில் மெல்லிய ட்யூப் விட்டு, பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.

மூடியைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். பத்து நொடி ஆகியும் எரிந்தால் உடனே நிறுத்தி, ஃபில்டரையும் அளவையும் பாருங்கள். அணைந்தால் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி டார்ச் அடித்து போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி டிப் ஸ்டிக். ஃபில்டர் ஆயிலைக் குடித்திருக்கும், அளவு இறங்கியிருந்தால் மேல் கோடு வரை கொண்டுவாருங்கள்.

தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி டிரைவர் பக்கக் கதவில் ஒட்டுங்கள். அடுத்த மாற்றத்துக்குப் புத்தகத்தின் கணக்கே கணக்கு. ஆனால் செங்கல் சூளை, குவாரி, மணல் பாதையில் ஓடும் வண்டிக்கும், தினமும் குறைந்த தூரம் நின்று நின்று போகும் வண்டிக்கும் புத்தகம் தனியாகக் குறைந்த இடைவெளி சொல்லியிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை அளவையும் கசிவையும் பார்த்துவிடுங்கள்.

பழைய ஆயிலை என்ன செய்வது

சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவது, மரத்துக்குக் கரையான் மருந்தாகத் தடவுவது நம்மிடம் உள்ள பழக்கம். இன்ஜினில் ஓடிய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருப்பதால், தோலில் படும்படி கையாளக் கூடாது. கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். டீசலால் கழுவுவது தோலை இன்னும் கெடுக்கும். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டினால் கிணற்றுத் தண்ணீர் வரை போய்ச் சேரும். இந்தியாவில் கழிவு ஆயில் அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வருகிறது. 2024 ஏப்ரல் முதல் அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு ஆயில் உற்பத்தியாளர்களுக்கும் இருக்கிறது. காலி ஆயில் டப்பாவிலேயே புனல் வைத்து ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். கூலன்ட், டீசல், பெயின்ட் தின்னர் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் சுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு, அதையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.