வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணைக் காக்க: தமிழ்நாட்டு அரசு அலுவலர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணவாழ்வு கண்ட பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கின்றனர். அதே கணக்கெடுப்பில், நாடு முழுவதும் வன்முறைக்கு உள்ளான பெண்களில் எவரிடமாவது உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே ஒரு பெண் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார் என்றால், அவர் பல ஆண்டு மௌனத்தைக் கடந்து வந்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அன்று திருப்பி அனுப்பப்பட்டால் அவர் இன்னொரு முறை வராமலே போகலாம்.

அந்த மேசை பெரும்பாலும் காவல் நிலையத்தில் இருப்பதில்லை. அது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கிராம நிர்வாக அலுவலகத்திலோ இருக்கிறது. வன்முறை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் இத்தகைய பெண்களுக்கு உதவ மாநில அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்றும், நல்லெண்ணத்தில் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தன் 4ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. இந்த ஒரு வரியை ஊர்தோறும் உள்ள செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அறிந்திருக்கச் செய்வது மாவட்ட நிர்வாகத்தின் முதல் வேலை.

அடுத்தது, தனியாகப் பேசுவது. கையில் காயத்தோடு வரும் பெண் "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லும்போது, அவருக்குப் பக்கத்தில் மாமியாரோ கணவரோ நிற்கிறார்களா என்று பாருங்கள். உடன் வந்தவரைச் சீட்டு வாங்கவோ மருந்து வாங்கவோ அனுப்பிவிட்டு, வீட்டில் யாராவது அடித்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். பிற்பாடு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் பேசப்போவது அந்தப் பதிவுதான். புகார் இன்னும் பதிவாகவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சையையோ காப்பகத்தில் இடத்தையோ மறுக்க அச்சட்டத்தின் விதிகளில் இடமில்லை.

மாற்றுத்திறனாளிகள், முதியோர் விஷயத்தில் இந்தத் தனிமை இன்னும் கடினமானது. நாம் அதிகம் தவறுவதும் இங்கேதான். காது கேளாத பெண்ணின் வாக்குமூலத்தை அவருடைய கணவரின் தங்கை மொழிபெயர்த்தால், பதிவாவது யாருடைய சொல்? சைகை மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே பெற்று, காவல் நிலையத்திலும் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் வைத்திருக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரை அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல் அலுவலர் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். மருந்தைத் தராமல் இருப்பதும், சக்கர நாற்காலியை எட்டாத இடத்தில் வைப்பதும், உதவித்தொகை வரும் வங்கி அட்டையைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறையே. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என எல்லா வகைத் துன்புறுத்தலையும் சட்டத்தின் 3ஆம் பிரிவு உள்ளடக்குவதால், காயம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 7ஆம் பிரிவின்கீழ் நடுவர் அதிகாரம் பெற்ற வருவாய்த் துறை அலுவலரான நிர்வாக நடுவரிடமும் எவரும் தகவல் தரலாம். இந்த வழியைப் பயன்படுத்தும் அலுவலர்கள் மிகக் குறைவு என்பது என் கருத்து.

பிறகு, அலைக்கழிக்காமல் இருப்பது. ஒரே துயரத்தைக் காவலரிடமும் மருத்துவரிடமும் சமூகநலத் துறையிலும் சட்ட உதவி மையத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே ஒரு தண்டனை. முதலில் கேட்டவர் எழுதட்டும். எழுதியதை அவரே அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பட்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலுக்கு இப்போது இடமில்லை, ஏனெனில் எல்லை பாராமல் புகாரைப் பதிவு செய்யப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு வகை செய்கிறது. அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரில் மட்டும் இருந்தால் இது நடக்காது. வட்ட அளவிலும் அவர்களை நியமிக்க உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதன் பொருளும் அதுதான்.

சமரசப் பேச்சைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறேன்: "அனுசரித்துப் போம்மா" என்று சொல்லி எழுதி வாங்கி அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. ஆலோசனைக்கு உத்தரவிடும் அதிகாரம் நடுவருக்கு உரியது. அங்கும்கூட, அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரரை, அதாவது யார் மீது புகாரோ அவரை, அனுமதிக்கக் கூடாது என்கிறது குடும்ப வன்முறைச் சட்ட விதிகளில் 14ஆம் விதி. புகார் கொடுத்த செய்தி வீட்டுக்குத் தெரியவரும் அன்றைய இரவுதான் ஆபத்து மிகுந்தது. அதனால் அவரை அனுப்புவதற்கு முன், அவருடன் அமர்ந்து அதே விதிகளின் 5ஆம் படிவத்திலுள்ள பாதுகாப்புத் திட்டத்தை நிரப்புங்கள். வீட்டில் அரிவாளோ மண்ணெண்ணெயோ இருக்கிறதா, கொன்றுவிடுவதாக மிரட்டியிருக்கிறாரா, கர்ப்பமாக இருக்கிறாரா, பிள்ளைகள் எங்கே, ஆதாரும் குடும்ப அட்டையும் யார் கையில் என்று கேளுங்கள். திரும்பிப் போவது ஆபத்து என்றால் காப்பகத்தில் இடம் பார்த்துக் கொடுங்கள். அவர் அங்கிருப்பதை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் காப்பகம் அதை மறைத்தே வைக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் வர வேண்டும். 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நடுவர் முயல வேண்டும். இந்தக் காலக்கெடு நழுவும் என்பதை எதிர்பார்த்து, மனுவோடு சேர்த்தே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவையும் கேட்டுவிட வேண்டும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கு வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்பது 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நிலை.

உத்தரவு கிடைத்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். அதன் நகல் அன்றே அப்பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாதுகாப்பு அலுவலர் தொலைபேசியில் உறுதிசெய்ய வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும் என்பதை நிலைய அலுவலர் எதிர்மனுதாரரிடம் நேரில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 181 (மகளிர் உதவி எண்), 112 (அவசர உதவி எண்) ஆகியவற்றோடு, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஓர் அலுவலரின் எண்ணையும் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து, அவர் பாதுகாப்பானது என்று சொன்ன நேரத்தில் நீங்களே அழையுங்கள். எடுக்கவில்லை என்றால் ஆளை அனுப்புங்கள்.