அழற்சியும் தொப்பையும்: உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘அழற்சியைக் குறைக்கும் பத்து உணவுகள்’ என்ற வகையில் வரும் பட்டியல்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குறை உண்டு. ஏற்கெனவே சாப்பிடுவதோடு இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று அவை சொல்கின்றன. எது எவ்வளவு உள்ளே போகிறது, அது உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்பதில்லை. நம்மவர் பலருக்கு அழற்சி கிளம்பும் இடங்களில் முக்கியமானது வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு. அதைக் கவனிக்காமல் சாப்பாட்டின் மேல் மஞ்சள் தூவுவது, அடுப்பைத் தணிக்காமல் பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பதைப் போன்றது.

அழற்சி என்றாலே கெட்டது என்று நினைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. கிருமியை எதிர்க்கவும் புண்ணை ஆற்றவும் உடல் செய்யும் வேலை அது, வேலை முடிந்ததும் அடங்கிவிடும். சிக்கல் தருவது, வலியோ காய்ச்சலோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மந்தமான அழற்சி. மாரடைப்பு வந்து பிழைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஒரு மருந்து, மறுபடியும் மாரடைப்போ பக்கவாதமோ வருவதைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. இந்நோய்களில் அழற்சிக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் அதே மருந்தை எடுத்தவர்களிடையே உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் கூடின என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொழுப்பை வெறும் சேமிப்பு மூட்டையாக நினைப்பதும் தவறு. 1993-இல் கோக்கான் ஹோத்தமிஸ்லிகில் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைத் தடுப்பதையும் காட்டினார்கள். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பணுக்கள் கொள்ளும் அளவுக்குமேல் கொழுப்பு சேரும்போது, மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் போய்த் தங்குகிறது. அளவுக்குமேல் உப்பிய அணுக்கள் திணறிச் சாக, அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் அங்கேயே முகாமிட்டு அழற்சிப் பொருள்களை வெளிவிடுகின்றன. குடல் பகுதியிலிருந்து வரும் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால், முதல் அடி அங்கேதான் விழுகிறது.

இந்த இடத்தில் எடைமெஷினை நம்புவது நம் ஊரில் மிகப் பரவலான தவறு. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கையும் காலும் ஒல்லியாக, தசை குறைவாக, வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் தெற்காசிய உடல்வாகைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் படத்தை மருத்துவர்கள் நினைவுகூர்வார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய இன்டியாப் ஆய்வின் 2023 அறிக்கையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், இடுப்பளவுக் கணக்கில் 39.5 சதவீதம். “நான் ஒல்லிதானே” என்று தைரியமாக இருப்பவர்களில் கணிசமானோர் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள்.

எனவே இடுப்பை அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே நமக்கு வகுக்கப்பட்ட எல்லை. அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஆண்கள் பேன்ட் அளவைச் சொல்கிறார்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால், பத்து வருடமாக அதே 34-ஐ வாங்கிக்கொண்டே வயிற்றை மட்டும் வளர்க்க முடியும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், சட்டையை நீக்கிவிட்டு, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், தையல் டேப்பை இறுக்காமல் தரைக்குச் சமமாகச் சுற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கண்ணாடி முன் நின்று அளப்பவர்களுக்கு வயிறு தானாக உள்ளே போய்விடும் என்பதால், வேறொருவரை அளக்கச் சொல்வது நல்லது.

தட்டுக்கு வருவோம். சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று சோறு மூன்று தடவை வருகிறது. பொரியல் இரண்டு கரண்டி, அதுவும் பல நாள் உருளைக்கிழங்கு. காய்கறிக்கு நாம் வைத்திருக்கும் ‘தொட்டுக்கொள்ள’ என்ற சொல்லே அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. எரித்துத் தீர்க்க முடியாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. எண்ணெயையே தொடாதவருக்கும் இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறி, ஈரலில் கொழுப்பு படிவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆகவே கொழுப்பு குறைய எண்ணெயை மட்டும் குறைத்தால் போதும் என்பது பாதிக் கணக்கு.

அடுத்து வருவது, வெள்ளை அரிசியை நிறுத்திச் சிறுதானியத்துக்கு மாறியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. மேற்சொன்ன இன்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. இந்தியர்கள் தங்கள் ஆற்றலில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள் என்றும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அது சொன்னது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்தால் ஈடுசெய்வதோடு ஆபத்து குறைவது தொடர்புடையதாக இருந்தது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலையோ கெட்டிப் பருப்பையோ கீரையையோ வைப்பது, சோற்றை வரகாக மாற்றி அதே அளவு சாப்பிடுவதைவிடப் பயன் தரும் என்றே இதைப் படிக்கிறேன். கீரை, பருப்பு ஆகியவற்றின் நார்ச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் குடற்சுவரைக் காக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் உணவு என்று எதையாவது சொல்லியாக வேண்டுமென்றால், நான் முதலில் நார்ச்சத்துள்ள இந்த உணவுகளைத்தான் சொல்வேன்.

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ‘இயற்கை’ என்பதால் தாராளமாகப் போடலாம் என்ற எண்ணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ராகி பிஸ்கட், ஓட்ஸ் குக்கீ, பாக்கெட் சத்துமாவு போன்றவைதான் நுட்பமாக ஏமாற்றுகின்றன. 2019-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து நடத்திய ஆய்வில், அதிகம் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்தார்கள். பரிமாறியவற்றில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவை சமமாகவே இருந்தும், பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாக எடை கூடினார்கள். பாக்கெட்டின் முன்பக்கம் அச்சிட்ட தானியத்தின் பெயரைவிட, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் முதல் மூன்று இடங்களில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். அழற்சியைத் தணிக்கும் என்று சொல்லப்படும் குர்குமின், மஞ்சள் தூளில் சுமார் மூன்று சதவீதம்தான்; அதிலும் மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கிறது. சமையலில் போடுவது மணத்துக்கும் நிறத்துக்கும் மரபுக்கும் சரி, மருந்தளவுக்கு அது வராது. வராது என்பதால் மாத்திரையாக வாங்கி, உறிஞ்சப்படுவதைக் கூட்ட மிளகுச் சத்தும் கலந்து விழுங்குவது அடுத்த தவறு. அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இன்னொரு பக்கம், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றில் உள்ள ஒமேகா-6 வகைக் கொழுப்பு அழற்சியைக் கிளப்பும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. கட்டுப்பாட்டோடு நடத்திய ஆய்வுகளில், அந்த ஒமேகா-6 வகையில் முக்கியமான லினோலியிக் அமிலத்தைக் கூட்டியபோது அழற்சிக் குறியீடுகள் உயரவில்லை. எண்ணெயின் பெயரை விவாதிக்கும் வீட்டிலேயே, அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுநாள் பஜ்ஜிக்கு வைப்பதை யாரும் கேட்பதில்லை. மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் பெருகுவதால்தான், அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவகங்களுக்கு 2018 முதல் விதித்திருக்கிறது.

பயந்துபோய் ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கப் பட்டினி கிடப்பதும் பலனற்றது. சாப்பிட்டபின் ஏறும் குளுக்கோஸில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் தசையே அப்போது கரைகிறது; ஏற்கெனவே தசை குறைந்த நமக்கு அது இரட்டை நட்டம். உடல் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் நன்றாக இறங்கும் என்பதால், அவ்வளவு அவசரம் தேவையும் இல்லை.

கடைசியாக, பரிசோதனைச் சீட்டு. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இப்போது, உடம்பில் அழற்சி எவ்வளவு என்பதை இரத்தத்தில் காட்டும் எச்.எஸ்.சி.ஆர்.பி. என்ற வரி வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இதய நோய் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்பது வழக்கமான பாகுபாடு. 10-ஐத் தாண்டினால் தொப்பையைக் குறை சொல்வதற்கு முன் சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும். எனக்கு ஒருமுறை 12 என்று வந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் காய்ச்சலில் படுத்திருந்தேன் என்பதை இரத்தம் எடுத்தவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 1.4. இடையில் என் மைத்துனர் வற்புறுத்திக் கொடுத்த கஷாயத்தை ஒரு வாரம் குடித்திருந்தேன். காய்ச்சல் போனால் சி.ஆர்.பி. சில நாட்களில் தானாக இறங்கும் என்று எத்தனை முறை சொன்னாலும், குறைந்த எண்ணுக்கான பெருமையை அவர் இன்றுவரை கஷாயத்துக்கே கொடுக்கிறார்.