சீஃபர்ட் கேலக்ஸியின் வாயுவை லேப்டாப்பில் படிப்பது எப்படி

சீஃபர்ட் என்பது, நடுவில் இருக்கும் கருந்துளை வாயுவை இழுத்து விழுங்குவதால் மையம் பளிச்சிடும் கேலக்ஸி. அதன் வாயுவை முதல் தடவை படித்தபோது எனக்கு ஒரு ராத்திரி முழுக்க வீணானது. ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்ற வான் கணக்கெடுப்பு எல்லோருக்கும் இலவசமாகத் தரும் நிறமாலைகளில் ஒன்றை எடுத்தேன். அவர்கள் தளத்திலேயே கோடுகளுக்குப் பெயர் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டதால், கோப்பை இறக்கி நானே வரைந்தேன். 5008 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீளத்தின் அலகு) ஒரு கோடு நின்றது. ஆக்சிஜன் என்று குறித்துக்கொண்டேன். வலது பக்கம் இன்னும் இரண்டு கோடுகள் இருந்தன. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டும்தான் ஆக்சிஜன். கேலக்ஸியின் செம்பெயர்ச்சி, அதாவது அலைநீளங்கள் நீண்டுபோன அளவு, 0.03. ஹைட்ரஜன் பீட்டா என்ற ஹைட்ரஜன் கோட்டின் 4862.7 ஐ 1.03 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 5008.6. அசல் ஆக்சிஜன் 5158 க்குப் போய்விட்டிருந்தது.

அதனால் முதலில் ஜோடியைத் தேடுங்கள். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 4960, 5008 என்று எப்போதும் இரட்டையாகத்தான் வரும். இரண்டாவது சுமார் மூன்று மடங்கு வலுவாக இருக்கும். வாயு எப்படி இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. பழைய புத்தகங்களில் 5007 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது காற்றில் அளந்தது. ஸ்லோன் தருவது வெற்றிட அளவு. இரண்டையும் கலந்தால் நொடிக்கு 80 கிலோமீட்டருக்கும் அதிகமான பொய் வேகம் ஒன்று முளைக்கும்.

அடுத்து அகலம். வாயு எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதை இது சொல்லும். கோட்டின் பாதி உயரத்தில் அகலத்தை அளந்து, கோடு இருக்கும் அலைநீளத்தால் வகுத்து, ஒளியின் வேகத்தால் பெருக்க வேண்டும். 5158 இல் ஆக்சிஜன் 7 ஆங்ஸ்ட்ராம் அகலம் என்றால் நொடிக்கு 400 கிலோமீட்டர். 6762 இல் ஹைட்ரஜன் ஆல்ஃபா 100 ஆங்ஸ்ட்ராம் விரிந்திருந்தால் 4,400. ஒரே கேலக்ஸியில் இப்படி இரண்டு அகலங்களும் தெரிந்தால் அது முதல் வகை சீஃபர்ட். எல்லாமே ஒல்லியாக இருந்தால் இரண்டாம் வகை.

ஆக்சிஜன் மட்டும் ஏன் அகலமாவதில்லை? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த ஆக்சிஜன் அணு தன் ஒளியை விட நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும். கருந்துளைக்குப் பக்கத்தில் வேகமாகச் சுற்றும் வாயு அடர்த்தியானது. ஒளிவிடும் முன்பே இன்னொரு துகள் வந்து இடித்து ஆற்றலைப் பிடுங்கிவிடும். தொலைவில் இருக்கும் மெல்லிய வாயுவில் இடிக்க ஆளில்லை, அதனால் அங்கிருந்து மட்டும் ஆக்சிஜன் ஒளி வருகிறது. அந்த வாயு மெதுவாகத்தான் நகர்கிறது. 1943 இல் கார்ல் சீஃபர்ட் அகலக் கோடுகளைக் கவனித்து எழுதிய கேலக்ஸிகளில் என்ஜிசி 4151 ஐ எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

இளம் நட்சத்திரங்களும் ஒல்லிக் கோடுகளைத் தரும் என்பதால் ஒரு சோதனை வேண்டும். ஒல்லிப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, 5008 ஆக்சிஜன் கோட்டின் வலுவை ஹைட்ரஜன் பீட்டாவால் வகுத்தால் 3 க்கு மேல், நைட்ரஜனை ஹைட்ரஜன் ஆல்ஃபாவால் வகுத்தால் 0.6 க்கு மேல் இருந்தால் சீஃபர்ட் என்று தோராயமாகக் கொள்ளலாம்.

சரி, ரேடியோவுக்கு வருவோம். இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1.4 கிகாஹெர்ட்ஸில் தெரிவது பெரும்பாலும் கோடுகளைத் தந்த அந்தப் பத்தாயிரம் டிகிரி வாயு அல்ல. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள். அளக்கும் பரப்பும் வேறு. ஸ்லோனின் ஒளியை ஏந்தும் பழைய இழை வானில் 3 ஆர்க்செகண்டைப் (ஒரு டிகிரியை 3600 ஆக்கினால் ஒரு பங்கு) பார்க்கும், அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி எடுத்த ஃபர்ஸ்ட் சர்வே 5, அதே தொலைநோக்கியின் இன்னொரு சர்வேயான என்விஎஸ்எஸ் 45. என்விஎஸ்எஸ் அளவு ஃபர்ஸ்டைவிட ரொம்ப அதிகமாக இருந்தால், மையத்தைத் தாண்டிப் பரந்த இடத்திலிருந்து ரேடியோ வருகிறது. பக்கத்து கேலக்ஸி ஏதாவது சேர்ந்துவிட்டதா என்று படத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

கடைசியாக, புனே அருகே இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டிஜிஎஸ்எஸ் சர்வே படத்தைத் திறங்கள். அதன் கூர்மை 25 ஆர்க்செகண்ட் என்பதால் ஃபர்ஸ்டோடு அல்ல, என்விஎஸ்எஸோடு ஒப்பிடுங்கள். என்விஎஸ்எஸில் 10 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ பிரகாசத்தின் அலகு) இருந்தால் டிஜிஎஸ்எஸில் ஏறத்தாழ 48 வர வேண்டும், எலக்ட்ரான்கள் வழக்கம்போல நடந்துகொண்டால். மிகக் குறைவாக வந்தால் மையத்தில் நெருக்கமாக அடைந்த ஒரு மூலம் இருக்கலாம். ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் படத்தின் இரைச்சல் அளவைப் பாருங்கள். மங்கலான சீஃபர்ட்கள் பலவும் அதற்குள் மூழ்கிப் போகும்.