மூடுபனியில் லிங்க் தடுமாறினால் முதலில் செயின் அளவைப் பாருங்கள்

இரண்டு இடங்களை வயரில்லாமல் இணைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ லிங்க் மழையிலோ மூடுபனியிலோ விட்டுவிட்டு வந்தால், டவரில் ஏறும் முன் ரேடியோவில் செயின் 0, செயின் 1 (ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலான இரு தனி சிக்னல் பாதைகள்) இரண்டின் சிக்னலையும் தனித்தனியே குறித்து, நல்ல வெயில் நாளில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் 5, 6 டிபி (டெசிபல், சிக்னல் வலிமையின் அளவு) இறங்கியிருந்தால், பெரும்பாலும் அந்தச் செயினின் கனெக்டரிலோ, ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் குட்டைக் கேபிளான பிக்டெயிலிலோ தண்ணீர் இறங்கியிருக்கும். துடைத்து மாட்டினால் போதாது. பச்சை பிடித்த கனெக்டரை மாற்றி, ரப்பர் சீலிங் டேப்பை இழுத்துப் பிடித்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பாதையில் நனைந்த மரம், அல்லது காற்றில் திரும்பிய டிஷ். கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்தான் முதல் சந்தேகம்: 5 கிலோமீட்டர் லிங்கின் நடுவில், நேர்கோட்டைச் சுற்றி 5 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். இரண்டும் அசையவில்லையா? ஈதர்நெட் கேபிள், அதன் ஆர்ஜே45 பிளக், பவர் அடாப்டரைப் பாருங்கள். பக்கத்து ரேடியோவின் இடையூறும் இருக்கலாம்.

இந்த அலைவரிசையை மூடுபனி ஏறக்குறைய தடுப்பதே இல்லை, சில கிலோமீட்டர் தூரத்துக்குக் கனமழையும் பெரிதாகக் குறைக்காது. இரண்டு செயினும் ஒரே காற்றைக் கடப்பதால், ஒன்று மட்டும் விழுவதற்கு வானிலை காரணமாகாது.

24, 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு இது பொருந்தாது. அங்கே மழையே சிக்னலை விழுங்கும். ஒற்றைச் செயின் கருவியில் ஒப்பிட ஒன்றுமில்லை.