கதையில் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் வேற்றுக்கிரகவாசிக்கு மொழி அமைப்பது எப்படி?

இலக்கணத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் உடம்பை முடிவு செய்யுங்கள். உயிரி நீரில் அதிர்வால் பேசுகிறது என்று வையுங்கள். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் 340தான். மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பது அரிது. உயிரியின் பேச்சு அதற்கும் கீழே இருக்கட்டும். ஆகவே மீன் ஏலம் கூவுகிறவருக்கு ஒன்றும் கேட்காது. படகின் பலகையில் உள்ளங்கை வைத்தவருக்கு மட்டும் நடுக்கம் தெரியும்.

முப்பது சொற்கள் போதும். அகராதி போட உட்கார்ந்தால் கதை படுத்துவிடும்.

எண்ணில் தொடங்குவது வழக்கம். 1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து விண்வெளிக்குப் போன செய்தியில் 1,679 பிட்டுகள் (0 அல்லது 1). 23, 73 என்ற பகா எண்களின் பெருக்கம் அது, அதனால் வரிசைக்கு 23 வீதம் 73 வரிசைகள் கொண்ட படமாக அடுக்கலாம். ஆனால் பேச்சுக்கு எண் போதாது. 'நாம' கேட்பவரைச் சேர்க்கும், 'நாங்க' விலக்கும். இந்தப் பிரிவே இல்லாத மொழிக்காரரிடம் "நாங்க கெளம்புறோம்பா" என்றால், அவரும் படகில் ஏறி உட்கார்ந்துவிடுவார். (காசிமேட்டில் வேற்றுக்கிரகவாசி கற்பது 'என்ன' அல்ல, சென்னைப் பேச்சின் 'இன்னா'.)

பலர் சறுக்குவது மொழிபெயர்ப்புக் கருவியில். இரண்டாம் பக்கத்திலேயே அது வந்தால் புரியாமை செத்துப்போகும். தப்பான அர்த்தத்தை மூன்று காட்சிகளாவது ஓடவிட்டு, பிறகு பாதியை மட்டும் திருத்துங்கள்.