லேமினார் ஓட்டம் டர்புலன்டாக மாறும் இடம்: மாடலைவிட இன்லெட்டைப் பாருங்கள்

தட்டையான தகட்டின் மேல் காற்று ஓடுகிறது. முன்விளிம்பில் லேமினார் (சீரான அடுக்குகளாக ஓடுவது), சற்றுத் தள்ளி டர்புலன்ட் (கொந்தளித்து ஓடுவது). இதைக் கணினியில், சாதாரண கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடலில் ஓட்டினால், உராய்வுக் குணகம் ஏறக்குறைய தொடக்கத்திலேயே டர்புலன்ட் கோட்டுக்குப் போய்விடும். மாற்றத்தைக் கணிக்க அந்த மாடலில் எதுவும் இல்லை.

1. மாற்றம் எதனால் வருகிறது? வரும் காற்றிலேயே கொந்தளிப்பு (வேகத்தின் ஏற்ற இறக்கம்) சராசரி வேகத்தில் 1 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் பைபாஸ் வகை, அதாவது சிற்றலைகள் மெல்ல வளரும் கட்டத்தைத் தாண்டி நேரே மாறுவது. டர்பைன் பிளேடுகளில் இதுதான். கிளைடர் இறக்கை போல அமைதியான காற்று என்றால் சிற்றலைகள் மெல்ல வளர்ந்து உடையும். இருபரிமாண இறக்கை வெட்டுக்கு நான் முதலில் எக்ஸ்ஃபாயில் என்ற நிரலைத்தான் திறப்பேன், என்கிரிட் (சிற்றலை எவ்வளவு வளர்ந்தால் மாற்றம் என்ற வரம்பு) 9. சில நொடிகளில் விடை.

2. மாடல். மற்றவற்றுக்கு லாங்ட்ரி-மென்டரின் காமா-ரீதீட்டா என்ற மாற்றக் கணிப்பு மாடல். ஓபன்ஃபோம் என்ற இலவச ஓட்டக் கணிப்பு மென்பொருளில் இருக்கிறது; டி3ஏ என்ற தகட்டுச் சோதனையின் பயிற்சிக் கணக்கும் கூடவே வருகிறது. உங்கள் கணக்குக்கு முன் அதை ஓட்டிப் பாருங்கள். கேகேஎல்-ஒமேகா என்ற இன்னொரு மாற்ற மாடலும் உண்டு, எனக்கு அதில் பிடிப்பில்லை.

3. மெஷ். ஒய்-பிளஸ் (சுவரிலிருந்து முதல் கட்டத்தின் அலகற்ற தூரம்) 1-க்குள், அடுத்தடுத்த அடுக்கின் தடிமன் வளர்ச்சி 1.1 மடங்கு அளவில். வால் ஃபங்ஷன் (சுவரருகே ஓட்டத்தைக் கணிக்காமல் சூத்திரத்தால் நிரப்புவது) வேண்டாம்.

4. இன்லெட், அதாவது கணக்குப் பரப்புக்குள் காற்று நுழையும் எல்லை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கொந்தளிப்பு 3% என்று கொடுத்தும் மாற்றம் வெகுதூரம் தள்ளியே வந்தது. மூன்று நாள் மெஷ்ஷையே மாற்றிக்கொண்டிருந்தேன். காரணம் வேறு: இன்லெட்டில் கொடுத்த கொந்தளிப்பு தகட்டை அடையும் முன்பே தேய்ந்துவிடுகிறது. வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், விஸ்காசிட்டி விகிதம் (கொந்தளிப்பால் வரும் பாகுத்தன்மை, காற்றின் இயல்பான பாகுத்தன்மையைப் போல எத்தனை மடங்கு) 10, இன்லெட் தகட்டுக்கு 1 மீட்டர் முன்னால் என்று வையுங்கள். முன்விளிம்பில் மிஞ்சுவது சுமார் 1.25% மட்டுமே. கொந்தளிப்பிலிருந்து மாற்றம் தொடங்கும் இடத்தைக் கணிக்கும் மேயிலின் 1991 சூத்திரத்தில் 3%, 1.25% இரண்டையும் போட்டு ஒப்பிட்டால், மாற்றம் தொடங்கும் தூரம் சுமார் 3 மடங்காகிறது.

இன்லெட்டை 4 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 2.8% மிஞ்சும். விகிதத்தை 100 ஆக்கினால் 1 மீட்டரிலும் 2.5% நிற்கும், ஆனால் சோதனையில் அளந்த தேய்வுக் கோடு கையில் இருந்தால் அதோடு பொருந்தும் விகிதத்தையே எடுங்கள். எதைச் செய்தாலும் முன்விளிம்புக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் கொந்தளிப்பை அளந்து பார்த்துவிட்டுத்தான் மாடலைக் குறை சொல்ல வேண்டும்.

பின்சேர்க்கை: சுவரே நகரும் கணக்கில் விடை பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். காமா-ரீதீட்டா சூத்திரத்தில் காற்றின் வேகம் நேரடியாக வருகிறது; சுவர் நகர்ந்தால் அது பிசகும். அங்கே 2015-இல் வந்த ஒற்றைச் சமன்பாட்டு காமா மாடலுக்கு மாறுங்கள். இன்லெட் சோதனை அதற்கும் உண்டு.